இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை

முன்பின் தெரியாதவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வழியில் நின்றுபோன கார்களுக்கு இழுவை வண்டி அனுப்பும் நிறுவனம் ஒன்றில், ஹூஸ்டனில் இருக்கிறேன். டயர் வெடித்தவர்களும் பேட்டரி செத்தவர்களும் எங்கள் எண்ணுக்குப் போன் செய்தால், முதலில் எடுப்பது ஓர் இயந்திரம். பெண் குரலில், ரொம்பக் கனிவாக, “நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்கும். சொன்னது புரிந்தால் வண்டி கிளம்பும். புரியாவிட்டால் மறுபடி கேட்கும். அப்போதும் புரியாவிட்டால், யாராவது மனிதர் கிடைக்கும்வரை பாட்டுப் போட்டுக் காக்க வைக்கும். இப்படித் தவறிப்போன அழைப்புகளின் ஒலிப்பதிவுகள் சில வாரங்கள் கழித்து எங்கள் குழுவுக்கு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அழைத்தவர் உண்மையில் எந்த இடத்தைச் சொன்னார் என்று நாங்கள் கேட்டு எழுத வேண்டும். அதைக்கொண்டு இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

போன வருடம் கோடையில் ஒரு பெண் வெயிலில் வெகுநேரம் காத்திருந்துவிட்டு எங்களைத் திட்டித் தீர்த்தார். தான் ‘ஃபீடர்’ மேல் நிற்பதாக அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இயந்திரம் அதைத் ‘தியேட்டர்’ என்று எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த சினிமா தியேட்டருக்கு வண்டியை அனுப்பிவிட்டது. ஃபீடர் என்பது ஹூஸ்டன்காரர்களின் சொல். ஃப்ரீவே எனும் விரைவுச்சாலையை ஒட்டியே ஓடும் சின்னச் சாலை. ஃப்ரீவேயில் ஏற வேண்டுமானாலும் இறங்க வேண்டுமானாலும் அதன் வழியாகத்தான். கடைகளும் பெட்ரோல் பங்குகளும் அதன் ஓரத்தில்தான் இருக்கும். நம் ஊரில் சர்வீஸ் ரோடு என்கிறோமே, அதேதான்.

அந்தப் பெண்ணின் புகாருக்குப் பிறகு எங்கள் மேலாளர் குழுவைக் கூட்டினார். அவர் சிகாகோவில் பிறந்து வளர்ந்த பெண்மணி. எதைச் செய்தாலும் அதில் கொஞ்சம் சுவாரசியம் வேண்டும் அவருக்கு.

“உள்ளூர் மக்கள் சொல்லும் சொற்கள், ஊர்களின் பட்டப்பெயர்கள் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையாகத் தொகுப்போம். ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று பக்கத்தில் ஒரு வரி. வாடிக்கையாளர்களிடம் காட்டும்போது ரசிப்பார்கள்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் மூன்று மாநிலங்களில் வாழ்ந்திருக்கிறீர்கள். இது உங்களுக்கென்றே வந்த வேலை,” என்றார்.

பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று மாநிலங்களில் வாழ்ந்ததில் சொற்களைப் பொறுத்தவரை நான் கற்றதெல்லாம் அவமானப்பட்டுக் கற்றது.

முதலில் நியூஜெர்சி. திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிது. கார் ஓட்டத் தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியாது என்று என் கணவர் ஒரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்தார். அந்த ஊரிலேயே பிறந்த பெரியவர். எப்போதும் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பார். ஒருநாள் பெரிய சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த சிக்னலில் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்றார். நான் இண்டிகேட்டர் போட்டு இடதுபக்க வரிசைக்கு ஒதுங்கினேன். உடனே அவர், “ஜக்ஹேண்டில்! ஜக்ஹேண்டில்!” என்று கத்த ஆரம்பித்தார்.

ஜக்கின் கைப்பிடி. எனக்கு அந்த அர்த்தம் மட்டும்தான் தெரியும். காருக்குள் ஜக்கு எங்கே இருக்கிறது? காலடியில் உருண்டுகொண்டிருந்த தண்ணீர் பாட்டிலைத்தான் சொல்கிறார், அது பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறார் என நினைத்துக் குனிந்தேன். அவர் தன் பக்கம் இருந்த பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஓரமாக நிறுத்திய பிறகுதான் விளங்கியது. அந்த மாநிலத்தில் பல சிக்னல்களில் இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால், முதலில் வலதுபக்கம் ஒதுங்கி, ஜக்கின் காதுபோல வளைந்து போகும் கிளைச்சாலையில் போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமாம்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“இதைப் போய் யார் சொல்வார்கள்? எல்லாருக்கும் தெரியுமே,” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கணவர், “இதுக்குப் போயா அழுவுற? ஒரு வார்த்தைதானே, கத்துக்க,” என்றார். கற்றுக்கொண்டேன். கடற்கரைக்குப் போவதை ‘டவுன் த ஷோர்’ என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். ‘சிட்டி’ என்று யாராவது சொன்னால் அது நியூயார்க் மட்டும்தான், நாங்கள் குடியிருக்கும் ஊர் அல்ல என்று தெரிந்துகொண்டேன். ஒரு பன்றி இறைச்சி வகைக்கு மாநிலத்தின் வடக்கே ஒரு பெயர், தெற்கே ஒரு பெயர். அலுவலகத்தில் இரு கட்சியாகப் பிரிந்து அதற்காகச் சண்டை போடுவார்கள். “நீ எந்தக் கட்சி?” என்று வருவோர் போவோர் எல்லாம் என்னைக் கேட்பார்கள். நாங்கள் முஸ்லிம்கள், அதைச் சாப்பிடவே மாட்டோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் “வடக்கு” என்று சொல்லிவிட்டு நகர ஆரம்பித்தேன்.

எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது கணவரின் வேலை கலிபோர்னியாவுக்கு மாறியது. பிளசன்டனில் வீடு எடுத்தோம். போய்ச் சேர்ந்த மாதத்திலேயே என் புது அலுவலகத்தில், வார இறுதியில் ஃப்ரிஸ்கோவுக்குப் போகப்போவதாகச் சொன்னேன். சான் ஃபிரான்சிஸ்கோவைச் செல்லமாக அப்படிச் சொல்வார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். நான் சாப்பாட்டு மேசையில் துப்பிவிட்டதைப்போல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் என் கையைத் தொட்டு, “இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. சிட்டி என்று சொல்,” என்றாள். ஆக இங்கேயும் ஒரு சிட்டி. அது வேறு சிட்டி. பக்கத்திலிருக்கும் ஓக்லண்டைச் சிட்டி என்று சொல்லிவிடக் கூடாது, அது ‘டவுன்’.

எனக்காவது பரவாயில்லை, வயசானவள். மகளுக்குத்தான் கஷ்டம். நியூஜெர்சியில் வரிசையில் நிற்பதை ‘ஆன் லைன்’ என்பார்கள். மற்ற இடங்களில் ‘இன் லைன்’. அவள் புதுப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபடி, தான் ஆன் லைனில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உன் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டுப் பிள்ளைகள் வாரக்கணக்கில் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, “அம்மா, ஹௌ டு யூ ஸே இட்?” என்று கேட்டாள். நானும் ஆன் லைன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் என்ன பதில் சொல்ல?

அவள் சீக்கிரமே பழகிக்கொண்டாள். அங்கே ‘ரொம்ப’ என்பதற்கு ‘ஹெல்லா’ என்று ஒரு சொல் உண்டு. ஒருநாள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, “இட்ஸ் ஹெல்லா குட்,” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

“சாப்பாட்டு முன்னாடி ஒக்காந்துக்கிட்டு நரகத்த வாயில எடுக்கிறியே!”

“அம்மா, இட்ஸ் நாட் எ பேட் வேர்ட். எவ்ரிபடி ஸேஸ் இட்.”

அது எங்கிருந்து வந்த சொல் என்று அன்றைக்கு உட்கார்ந்து தேடினேன். நரகத்தைக் குறிக்கும் பழைய வசவின் சுருக்கம் என்றார்கள். ஓக்லண்ட் பக்கம் பிறந்தது என்றார்கள். இரண்டுமே உறுதியில்லை என்றார்கள். மகளிடம் அதைச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் மேசையில் உட்கார ஓர் இடம். சொல்லின் பூர்வீகம் வேண்டியிருக்கவில்லை.

அந்த இடம் கிடைத்துக் கொஞ்ச காலத்தில் மறுபடி மாற்றல், இந்தமுறை டெக்சஸ். ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லேண்டில் வீடு வாங்கினோம். மகள் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்தாள். முதல் வாரமே ‘ஹெல்லா’ அவள் வாயிலிருந்து விழுந்திருக்கிறது. “கலிபோர்னியாவுக்கே திரும்பிப் போ,” என்று ஒரு பையன் சொல்லியிருக்கிறான். அதன்பிறகு பல மாதங்கள் அவள் பள்ளியில் யாரோடும் பேசவில்லை என்று அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று மாலை கணவரிடம் கத்தினேன். “நீங்க ஒவ்வொரு தடவ வேல மாத்துறப்பவும் அவ நாக்க மாத்திக்கணுமா?”

“சின்னப் பிள்ளைங்க சீக்கிரம் புடிச்சுக்குவாங்க. நீ ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகுற?”

“புடிச்சுக்கிறாங்க, சரி. அதுக்குள்ள அவ என்ன பாடு படுறான்னு நீங்க பாக்குறீங்களா?”

மகளோ அவர் சொன்னபடியே பிடித்துக்கொண்டாள். அடுத்த வருடம் ‘நீங்களெல்லாம்’ என்பதற்கு ‘யால்’ வந்தது; ‘செய்யப்போகிறேன்’ என்பதற்கு ‘ஃபிக்ஸின் டு’ வந்தது. ஒருநாள் பாத்திரத்தைக் கழுவச் சொன்னதற்கு என்னிடம் “யெஸ் மேம்” என்றாள். மரியாதையான சொல்தான். ஆனாலும் யாரோ ஒரு ஆபீசர் அம்மாளைப்போல என்னை நிற்கவைத்துவிட்டதாகத் தோன்றியது.

இத்தனைக்கும் பிறகுதான் அந்த அட்டவணை வேலை என் மேசைக்கு வந்தது. சொற்களைத் தொகுப்பது பெரிய சிரமமில்லை. ‘எப்படி வந்தது’ என்ற கட்டம்தான் உயிரை வாங்கியது. ஹூஸ்டனுக்கு ஸ்பேஸ் சிட்டி என்ற பெயர் விண்வெளி மையத்தால் வந்தது, அதில் குழப்பமில்லை. பேர்லேண்டின் பெயருக்குக் காரணம் பேரிக்காய் மரங்கள். மற்றவற்றில் கையை வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு. ஃபீடர் ஏன் ஹூஸ்டனில் மட்டும்? பழைய சாலைப் பொறியாளர்கள் வரைபடத்தில் எழுதியதை மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றார் ஒருவர். எழுதியதே மக்கள் சொன்னதைக் கேட்டுத்தான் என்றார் இன்னொருவர். மேலாளருக்குப் பெரிய நகரங்களின் பட்டப்பெயர்களும் வேண்டும், படம் காட்டும்போது நன்றாக இருக்குமாம். நியூயார்க்கைப் பெரிய ஆப்பிள் என்பது குதிரை லாயத்து வேலையாட்கள் பந்தய மைதானத்தைப் பற்றிச் சொன்னது, பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டு எழுதி ஊரெல்லாம் பரவியது என்று படித்து எழுதினேன். அதைவிடக் கிளுகிளுப்பான பொய்க்கதை ஒன்றும் உலவுகிறது. மேலாளருக்கு அதுதான் பிடித்தது. சிகாகோவைக் காற்று நகரம் என்பது அரசியல்வாதிகளின் வாய்வீச்சைக் கிண்டல் செய்து வந்தது என்றும் சொல்கிறார்களே என்று கேட்டதற்கு, “நான் அங்கே பிறந்தவள். அது காற்றுதான்,” என்று முடித்துவிட்டார்.

பாதிக் கட்டங்களில் ‘தெரியவில்லை’ என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது. ஏதாவது ஒன்றை எழுதச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் நான் இன்னொன்றும் கேட்டேன். ஃபீடர் என்ற சொல்லோடு ‘சர்வீஸ் ரோடு’ என்பதையும் அதே பொருளில் சேர்க்க வேண்டும் என்றேன். டாலஸ் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த நாங்களும் அப்படித்தான். இங்கே ஹில்கிராஃப்ட் பக்கம், ஊரே எங்கள் ஆட்களால் நிரம்பியிருக்கிறது.

எங்கள் குழுவில் ஹூஸ்டனிலேயே பிறந்த ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் தலையை ஆட்டினார். “அது டாலஸ் சொல். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. வீணாக இயந்திரத்தைக் குழப்புவானேன்?” மேலாளர் அவர் பக்கம் சாய்ந்தார். வரி நீக்கப்பட்டது. கலிபோர்னியாவில் கேட்ட அதே வாக்கியத்தை இங்கேயும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மகளைக் கூட்டிக்கொண்டு ஹில்கிராஃப்டுக்குப் போனேன். எங்களுக்குக் கறி அங்கேதான். அந்தப் பகுதிக்கு மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்துத் தெருமுனைகளில் பலகை மாட்டியிருக்கிறார்கள். நான் கேட்ட ஒலிப்பதிவு ஒன்றில்கூட யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மகளுக்குப் பதினாறு, கார் ஓட்டிப் பழகுவதற்கான அனுமதி வாங்கியிருந்தாள். ஆனால் வானம் கருத்திருந்ததால் நானே ஓட்டினேன். ஹலால் கடையில் ஆட்டுக்கறியும் பக்கத்துக் கடையில் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மழை பிடித்தது. ஹூஸ்டன் மழையைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. வானத்தில் யாரோ மடையைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும். ஃப்ரீவேயில் ஏறுவதற்காகச் சர்வீஸ் ரோட்டில் திரும்பினேன். தண்ணீருக்கு அடியில் இருந்த ஏதோ ஒன்றில் முன்சக்கரம் மோதியது. டயர் போய்விட்டது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. கதவுக்கு வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் நிறுவனத்துக்கே போன் செய்தேன். எனக்கு அங்கே வேறு எந்த எண்ணும் கிடையாது, ஊழியர்களுக்கும் இயந்திரம்தான்.

“நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?” என்றது அந்தக் கனிவான குரல்.

“சவுத்வெஸ்ட் ஃப்ரீவே, சர்வீஸ் ரோடு, ஹில்கிராஃப்ட் பக்கத்தில்,” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மாதக்கணக்காக ஃபீடர், ஃபீடர் என்று எழுதியவள். பதற்றத்தில் வாயில் வந்தது திருச்சிச் சொல்தான்.

“உங்கள் வாகனத்துக்குச் சர்வீஸ் தேவை. சரியா? எண்ணெய் மாற்ற ஒன்று என்று சொல்லுங்கள்.”

“நோ!” என்றேன். மறுபடி முதலிலிருந்து கேட்டது. இந்தமுறை நிதானித்து “ஃபீடர்” என்றேன். புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்றது. ஃபீடர். ஃபீடர். நாக்கை மடக்கிச் சொன்னேன், மடக்காமல் சொன்னேன். இயந்திரத்துக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். ஆனால் டெக்சஸ்காரர்களின் குரல்களை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தோம். பாட்டுப் போட ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு லாரி கடந்துபோனதில் அலை அடித்துக் கார் ஆடியது.

“அம்மா, ஜஸ்ட் கிவ் இட் டு மீ,” என்று மகள் போனைப் பிடுங்கினாள். துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தாள். இயந்திரம் கேட்டதும், நான் கேட்டே இராத ஓர் இழுவையில், “வி ஆர் ஆன் த ஃபீடர், சவுத்வெஸ்ட் ஃப்ரீவே, ரைட் பிஃபோர் ஹில்கிராஃப்ட்,” என்றாள்.

“நன்றி. வண்டி கிளம்பிவிட்டது,” என்றது இயந்திரம்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன்.

“ஒய் ஆர் யூ மேட்? ஐ காட் த டிரக்,” என்றாள் மகள்.

“உன்மேல கோவம் இல்லம்மா.”

“தென் ஹூ?”

“நீ எங்க இப்படிப் பேசக் கத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். நடுநிலைப் பள்ளியில், பேசாமல் இருந்த அந்த மாதங்களில், சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் பேசுவதைக் கவனித்துக் கேட்பாளாம். வீட்டுக்கு வந்து, குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, எங்களுக்குக் கேட்காதபடி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பாளாம். ‘யால்’ சரியாக வர நாளாயிற்றாம்.

“ஐ தாட் யூ நியூ,” என்றாள்.

எனக்குத் தெரியாது. தண்ணீர்ச் செலவு ஏறுகிறது, இவ்வளவு நேரம் என்னடி குளியல் என்று அப்போது நான் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். மகள் பின்சீட்டிலிருந்த பையைத் தண்ணீர் படாமல் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

என் அழைப்பும் தவறிய அழைப்புதானே. அதுவும் வரிசையில் எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தது. மேலாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் அதை எல்லார் முன்னிலையிலும் ஓடவிட்டேன். மழைச் சத்தம். என் குரல். எண்ணெய் மாற்றச் சொல்லும் இயந்திரம். அந்த இடத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். பிறகு ஃபீடர், ஃபீடர் என்று என் குரல் கெஞ்ச ஆரம்பித்ததும் யாரும் சிரிக்கவில்லை.

ஹூஸ்டன்காரர் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். “உண்மையாகவே இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை என்றுதான் நினைத்தேன்,” என்றார்.

“நான் சொல்கிறேன். நான் இங்கேதான் இருக்கிறேன்,” என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. “எத்தனை வருஷம் இருந்தால் நான் ‘யாரோ’ ஆவேன்?”

அவர் எழுந்து வந்து, தானே மன்னிப்புக் கேட்டு, நீக்கிய வரியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். மேலாளர் மட்டும், “எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்கள் என்று கணக்கு இருக்கிறதா?” என்று கேட்டார். சொல்லிப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டவர்களை எப்படிக் கணக்கெடுப்பது என்று திருப்பிக் கேட்டேன். கடைசியில் சம்மதித்தார்.

சொல் சேர்ந்தது. உச்சரிப்பு சேரவில்லை. அது வேறொரு மாநிலத்திலிருக்கும் வேறொரு குழுவின் பொறுப்பாம். அவர்களுக்கு எழுதினேன். இந்திய உச்சரிப்பு அடுத்த கட்டத் திட்டத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டேன். பதில் இல்லை. இதற்கிடையில் வாடிக்கையாளர்களிடம் அட்டவணையைக் காட்டிவிட்டு வந்த மேலாளர், பெரிய ஆப்பிளின் கதைக்கு அறையே சிரித்ததாக மகிழ்ச்சியோடு சொன்னார். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை.

மகள் இப்போது தானே கார் ஓட்டுகிறாள். வெளியூர்க் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடலாமா என்று அவளைப் பெற்ற அத்தா கேட்டபோது, ஹூஸ்டனைத் தாண்டி எங்கேயும் போக முடியாது என்று சொல்லிவிட்டாள். “ஐ ஆம் நாட் லேர்னிங் எனிதிங் நியூ,” என்றாள். கணவர் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். விட்டுவிடுங்கள் என்றேன். நல்ல கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன, இன்னொரு ஊரின் பேச்சைப் பழக வேண்டுமே என்று விடுகிறாளே என்று எனக்கும் மனசு ஆறவில்லைதான். ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் ஒரு பதிவு வந்தது. வண்டி தவறான இடத்துக்குப் போய்விட்டது என்று புகாரான அழைப்பு. வயதான பெண்மணி ஒருவர், ஆங்கிலம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. கேட்டவுடனே தெரிந்துவிட்டது, தமிழ் ஆன்ட்டி.

“எங்கே இருக்கிறீர்கள்?” என்றது இயந்திரம்.

“டெம்பிள். நியர் டெம்பிள்.”

நான் தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன். பேர்லேண்ட் மீனாட்சி கோயில். இங்கே எங்கள் ஆட்களிடம் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் கோயிலுக்கு முன்னால், கோயிலைத் தாண்டி என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் டெக்சஸில், ஹூஸ்டனுக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில், டெம்பிள் என்ற பெயரில் ஓர் ஊரே இருக்கிறது.

“நீங்கள் டெம்பிள், டெக்சஸில் இருக்கிறீர்கள். சரியா?”

“யெஸ், யெஸ். டெம்பிள், டெக்சஸ்.”

“நன்றி. வண்டி கிளம்பிவிட்டது.”

போனை வைப்பதற்கு முன்னால், பக்கத்திலிருந்தவரிடம் அந்த ஆன்ட்டி பேசுவது பதிவாகியிருந்தது. “வந்துருவாங்களாம்ங்க. கோயில்னு சொன்ன ஒடனே புரிஞ்சுக்கிச்சு பாருங்க, என்ன அறிவு!”

அவர்கள் எந்த வளைவில் நின்றிருப்பார்கள் என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியும். ஆனால் அது பல வாரங்களுக்கு முந்தைய அழைப்பு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கூட்டத்துக்குக் காத்திராமல் நேரே மேலாளரின் அறைக்குப் போய் நின்றேன்.

அவர் திரையில் தேடிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “டெம்பிள் என்ற ஊர் ஏற்கெனவே அட்டவணையில் இருக்கிறதே,” என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.